புகை வருமுன் ஒரு கொப்பித்தாள் வரைபடம்

சிறுபோகத்து வெட்டு மெசின் வட்டையை, அதாவது வயல்வெளியை, விட்டுப் போனதும் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களுக்கு அந்த மணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டுத்தீயோ வைக்கோல் தீயோ, நெஞ்சுக்குள் இறங்குவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குச் சிறியதுமான துகள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு.

ஆனால் ஒரே புகை ஒரு வீட்டில் இருமலோடு போகும், அடுத்த வீட்டில் ஆளை வைத்தியசாலைக்கு அனுப்பும். அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வொன்று ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, முதுமை, வறுமை என்று பலவற்றையும் கூட்டி, காட்டுத்தீப் புகை எந்தப் பகுதி மக்களை அதிகம் வருத்தும் என்று கணக்கிட்டது. நம் ஒழுங்கைக்கு அதைச் செய்ய ஒரு கொப்பித்தாள் போதும்.

முதலாவது, வீடுகளையும் வட்டையையும் வரையுங்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வட்டைக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளுக்கு ஒரு புள்ளி.

இரண்டாவது, படலையைத் தட்டுங்கள். "வருத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். "கிளினிக் கொப்பி யாருக்கு இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். முட்டு வருத்தம் (ஆஸ்துமா), இதய நோய், சீனி வருத்தம், கர்ப்பிணி, 65 தாண்டியவர், சிறு பிள்ளை: ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நோயின் பெயரை எழுத வேண்டாம், தாள் கைமாறக்கூடியது.

நான் பிழைவிட்டது இங்கேதான். இடியப்பம் அவித்து விற்கும் அக்காவுக்கு நாற்பது வயது, கிளினிக் கொப்பி இல்லை. பூச்சியம் போட்டுவிட்டேன். "எனக்கென்ன தம்பி, புகை பழகிப்போயிற்று" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். விடிய நான்கு மணிக்கே விறகடுப்பின் முன் குந்துகிறவர். வட்டைப் புகை அவருக்கு இரண்டாவது புகை. அழித்துவிட்டு இரண்டு புள்ளி போட்டேன். விறகடுப்பைக் கட்டாயம் பாருங்கள்.

மூன்றாவது, கதவு யன்னலை அடைத்து இருக்க ஓர் அறை உண்டா? ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தால் அது அடைத்த அறை அல்ல. அறை இல்லாத வீட்டுக்கு ஒரு புள்ளி. வெயிலில் கூலிக்குப் போகிறவர் இருந்தால் இன்னொன்று.

கூட்டிப் பாருங்கள். கூடிய புள்ளி எடுத்த வீட்டுக்கு ஒழுங்கையில் நல்ல அறை உள்ள வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். முகத்தில் கட்டும் ஈரத்துணி சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது; முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 கவசம் வேண்டும். முட்டுக்காரர் உறிஞ்சும் மருந்துப் பம்ப் தீர்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அறுவடை நாளை, வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் கேட்டுத் தாளின் மூலையில் எழுதுங்கள். மாலையில் எரித்தால் காற்று ஓய்ந்து புகை இரவெல்லாம் தாழ்ந்து கிடக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.