வாசிசின் படிகம்: இடமா, வலமா?

நாள்கணக்கில் இழுத்தடித்தது தீர்ந்தது, நிம்மதி. காரைக்குடிக் கண்மாய்க்கரை ஆடாதோடையிலிருந்து வாசிசின் என்ற வேதிப்பொருளைப் பிரித்துப் படிகமாக்கினேன். மாலிப்டினம் உலோகம் தரும் எக்ஸ்கதிரில் 11 கார்பன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் எல்லாம் அழகாக இடத்தில் உட்கார்ந்தன. மூலக்கூறு இடமா வலமா, அதாவது இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் எது என்பது மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்வது ஃப்ளாக் எண்: 0 என்றால் நான் வைத்த மாதிரி சரி, 1 என்றால் கண்ணாடிப் பிம்பம். எனக்கு 0.4 வந்தது, அதன் பிழையளவே 1.1!

பெரிய படிகம், நீண்ட கதிர்வீச்சு நேரம், வேறு மென்பொருள், எதுவும் உதவவில்லை. இடமா வலமா என்பதைக் காட்டும் சிதறல் வேறுபாட்டை, இலேசான அணுக்கள் மாலிப்டினம் கதிரில் ஏறக்குறைய தருவதே இல்லை.

சரி, கன அணு வேண்டும். மெத்தனாலில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோபுரோமிக் அமிலம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து உப்பாக்கினேன். மாலிப்டினத்தின் அலைநீளம் 0.71 ஆங்ஸ்ட்ராம், புரோமினின் உறிஞ்சு விளிம்பு (இதைவிடக் குறுகிய அலைகளை அந்த அணு பலமாக உறிஞ்சும்) 0.92. அதனால் புரோமின் பலமாகவே வேறுபாடு காட்டும்.

அப்புறமும் எண் தெளியவில்லை! பலர் கவனிக்காத இடம் இதுதான்: தரவைச் சுருக்கும்போது மென்பொருள் ஃப்ரீடல் இணைகளை, அதாவது ஒரே படிகத் தளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வரும் சிதறல் இணைகளை, சராசரியாக்கிவிட்டிருந்தது. வேறுபாடு இருப்பதே அந்த இணைகளில்தான். ஒன்றுசேர்க்காமல் மறுபடி ஓட்டினேன். ஃப்ளாக் 0.02, பிழை 0.01.