சொகுசு செடானுக்கு மைலேஜ் எவ்வளவு முக்கியம்? காரைக்குடிக் கணக்கில் ஒரு வழிகாட்டி

அறுபது லட்சத்துக்குக் கார் பார்க்கப் போனாலும் நம் பக்கத்தில் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "என்ன மைலேஜ் கொடுக்கும்?" என்பதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதிலாக வரும் எண்ணை வைத்து வண்டியை முடிவு செய்தால் கணக்கு உதைக்கும். முதலில் பேரேட்டைத் திறந்து, வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடப்போகிறது என்று எழுதுங்கள்.

செட்டிநாட்டில் பெரிய செடான்கள் பெரும்பாலும் மூன்று விதமாக ஓடுகின்றன. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மட்டும் வெளியே வருவது: 4,000 கிலோமீட்டர். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ தொழில் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு நடை மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வருவது: 15,000. கானாடுகாத்தான் பக்கத்துப் பாரம்பரிய ஓட்டல்களுக்காக விமான நிலையத்திலிருந்து விருந்தாளிகளை ஏற்றி வருவது: 40,000.

சுலபமாக இருக்க பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைப்போம். நிஜ ரோட்டில் லிட்டருக்கு டர்போ பெட்ரோல் 10, டீசல் 14, முழு ஹைப்ரிட் (மின்மோட்டாரிலும் நகரக்கூடிய பெட்ரோல் வண்டி) 17 கிலோமீட்டர் என்று பிடிப்போம். 4,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் வண்டிக்கு 40,000 ரூபாய், டீசலுக்குச் சுமார் 26,600, ஹைப்ரிடுக்கு 23,500. 15,000 ஓடினால் 1.5 லட்சம், 99,600, 88,200. 40,000 ஓடினால் 4 லட்சம், 2.66 லட்சம், 2.35 லட்சம்.

இப்போது வட்டியைச் சேருங்கள். ஒரே மாடலில் டீசல் 5 லட்சம் கூடுதல் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஆக அந்த 5 லட்சம் 6 லட்சமாகிறது. 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடம் 42,000 வந்திருக்கும். 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசலில் மிச்சம் சுமார் 50,000. வட்டி போக நிற்பது 8,000. முதல் எப்போது திரும்பும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 4,000 கிலோமீட்டர்காரருக்கு மிச்சம் 13,400 மட்டும்தான், வட்டிக்கே காணாது. 40,000 ஓடும் வண்டிக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில். இன்சூரன்ஸில் வண்டிக்குக் கட்டும் மதிப்பான ஐடிவியின் அட்டவணைப்படி நான்கு வருடம் தாண்டி ஐந்தாவது வருடத்தில் இருக்கும் காருக்குத் தேய்மானம் 50 சதவீதம். 60 லட்சம் 30 லட்சமாகிறது. வருடத்துக்கு 6 லட்சம், மாதம் 50,000, வண்டியைத் தொடாமலே. நிஜச் சந்தையில் சில மாடல்கள் இதைவிடவும் இறங்கும். மறுவிலை நன்றாக நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டால், லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கூடுதல் என்பது சில்லறை.

இன்னொரு ஏமாற்றம் லிட்டருக்கு எத்தனை என்ற அளவிலேயே ஒளிந்திருக்கிறது. 8 கொடுக்கும் வண்டிக்குப் பதில் 10 கொடுப்பதை எடுத்தால் 1,000 கிலோமீட்டருக்கு 125 லிட்டர் 100 ஆகிறது. 25 லிட்டர் மிச்சம். 18-லிருந்து 20-க்குப் போனால் 55.6 லிட்டர் 50 ஆகிறது. மிச்சம் ஐந்தரை லிட்டர் சொச்சம்தான். வித்தியாசம் அதே 2 கிலோமீட்டர்தான். ஆகவே ஒப்பிடும்போது 1,000-த்தை மைலேஜால் வகுத்து, 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஷோரூம் எண்ணும் ரோட்டு எண்ணும்

விளம்பரத்தில் வரும் ஏஆர்ஏஐ (வாகனச் சோதனை அமைப்பு) மைலேஜ், ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அந்தச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஏசி அணைந்திருக்கும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் செடான் ஓட்டுபவர் இங்கே யார்? அந்த எண்ணில் கால் பங்கைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது; டவுனுக்குள்ளேயே சுற்றும் வண்டியென்றால் இன்னும் கழியுங்கள்.

நீங்களே அளக்கும் முறை இது. டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள். ஒரு பங்க்கில் டேங்க்கை நிரப்பி, நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். ரவுண்டாக்குகிறேன் என்று பையன் மேலே ஊற்ற விடாதீர்கள். டிரிப் மீட்டரை சைபராக்குங்கள். ஏசி போட்டு, வழக்கமாக ஏறும் ஆட்களோடு, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை, திருச்சி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 180. மீதியைச் செக்காலை ரோட்டிலும் பிள்ளையார்பட்டி, குன்றக்குடிப் பக்கமும் ஓட்டலாம். அதே பங்க், அதே நாசிலில் மறுபடி நிரப்பி, முதல் முறை தானாக நின்றதும் நிறுத்துங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள். டேஷ்போர்டு காட்டும் சராசரி பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். டெஸ்ட் டிரைவுக்கு இவ்வளவு தூரம் கிடைக்காது. அதே மாடல் வைத்திருக்கும் சொந்தக்காரர் வண்டியில் பார்ப்பதுதான் நடக்கக்கூடியது.

வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 100-லிருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். நெடுஞ்சாலை மைலேஜ் கேட்பவர் என்ன வேகத்தில் என்று கேட்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

நம் ஊருக்கென்றே ஒரு செலவு உண்டு: நிற்கும் வண்டி. மண்டபத்து வாசலிலும் கோயில் வாசலிலும், அப்பச்சியும் ஆச்சியும் திரும்பி வரும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்கவேண்டும் என்று டிரைவர் என்ஜினை அணைக்காமல் வைத்திருப்பார். 2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஏசியோடு சும்மா நின்றால் மணிக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரை குடிக்கும். நகரத்தாரின் குலக்கோயில்களான நகரக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றினால், ஒவ்வொன்றிலும் அரை மணி என்று வைத்தாலும் நாலரை மணி நேரம். ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் ஐந்தாறு லிட்டர். முழு ஹைப்ரிடில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் என்ஜின் அவ்வப்போது மட்டும் எழுந்து பேட்டரியை ஏற்றிவிட்டு அணையும். ஹைப்ரிடின் உண்மையான லாபம் நமக்கு இங்கேதான்.

டீசல்: பூட்டிக்கிடக்கும் வண்டிக்கு ஆகாது

மைலேஜுக்காக டீசல் எடுத்துவிட்டு ஷெட்டில் போட்டுவைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பிஎஸ்6 என்கிற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசலின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய அதற்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏறவேண்டும். வீட்டிலிருந்து கொப்புடையம்மன் கோயில், அங்கிருந்து காய்கறி மார்க்கெட், திரும்ப வீடு என்று மூன்று கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சூடு வராது. கரி எரியத் தொடங்கியதும் டிரைவர் சாவியைத் திருப்பி அணைத்தால், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடையாளம் சொல்கிறோம், டிரைவரிடமும் சொல்லிவையுங்கள். நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், அணைத்த பிறகும் ஃபேன் சத்தமாக ஓடும், உடனடி மைலேஜ் திடீரென்று சரியும். அப்போது அணைக்கவேண்டாம். திருமயம் ரோட்டில் ஏறி 60 முதல் 80 வேகத்தில் இருபது நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை இதைச் செய்ய ஆளில்லை என்றால் டீசல் வேண்டாம்.

பெரும்பாலான சொகுசு டீசல்களுக்கு ஆட்புளூ என்கிற யூரியாக் கரைசலும் வேண்டும். நீல மூடி அதற்கு. டீசல் டேங்க்கில் ஊற்றினால் டேங்க்கைக் கழற்றவேண்டி வரும். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்குவது 35 டிகிரியில் ஆறே மாதத்தில் கெடும். நம் வெயிலில் தகர ஷெட்டுக்குள் கேன் வாங்கி அடுக்குவது வீண். தீர்ந்துபோனால் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று எச்சரித்து, கடைசியில் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

ஹைப்ரிடில் பார்க்கவேண்டியது

பெயரில் ஏமாறாதீர்கள். 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் என்பது என்ஜினுக்குக் கைகொடுக்கும் சிறு மோட்டார்தான். அதை நம்பி மைலேஜ் கணக்குப் போடக்கூடாது. லெக்ஸஸ் இஎஸ் 300எச், டொயோட்டா கேம்ரி போன்றவைதான் மின்சாரத்திலேயே நகரக்கூடிய முழு ஹைப்ரிட். கேம்ரியின் அறிவிக்கப்பட்ட மைலேஜ் 25.49, மேலே 17 என்று பிடித்தது வேண்டுமென்றே இறுக்கமாக. ஜெர்மன் வண்டியைவிட விலை கூடாமல் கிடைத்து, வளைவில் பாயும் ஆசையும் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

இந்த இரண்டிலும் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். அதைக் குளிரவைக்கும் காற்றுத்துளை சீட்டின் ஓரத்தில் சிறு சல்லடையாகத் தெரியும். சீட் கவர் போடுபவர் அதை மூடிவிடுவார். சீர்ப் பையும் ஜமுக்காளமும் அதன்மேல் சாய்ந்திருக்கும். பேட்டரி சூடானால் மைலேஜும் விழும், ஆயுளும் குறையும். சர்வீஸில் அந்தச் சல்லடையைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த பெட்ரோல் ஊற்றுவது என்பதற்கு மூடியின் உட்புறத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். 95 ஆக்டேன் கட்டாயமென்றால் உங்கள் வழியில் அது எந்த பங்க்கில் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். எத்தனாலில், அதே அளவு பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வருமுன் வாங்கியவர்கள் சொல்லும் பழைய மைலேஜை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேரத்தில் கடைசியாக ஒன்று. டிசம்பரில் ஸ்டாக் தீர்க்க 3 லட்சம் தள்ளுபடி கிடைத்தால், அது 15,000 கிலோமீட்டர்காரரின் ஆறு வருட டீசல் மிச்சத்துக்குச் சமம். ஆனால் விற்கும்போது தயாரிப்பு வருடத்தை வைத்துத்தான் விலை கட்டுவார்கள். பணம் கட்டுமுன் விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-ல் எந்த மாதம், எந்த வருடம் என்று போடப்போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.