நோட்டரி சீல்: எங்கே செல்லும், எங்கே செல்லாது?

கோர்ட் வாசலிலும் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியும் ‘நோட்டரி’ என்று பலகை மாட்டிய மேசைகளைப் பார்த்திருப்பீர்கள். பெயர் மாற்ற அஃபிடவிட், தொலைந்துபோன மார்க் ஷீட்டுக்கு உறுதிமொழி, பவர் பத்திரம் (நமக்காக வேறொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) என்று ஏதோ ஒன்றுக்காக அங்கே போகிறோம். ஐந்து நிமிடத்தில் சீல் விழுந்துவிடுகிறது. சீல் விழுந்த பத்திரம் எதற்கும் செல்லும் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுவதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

நோட்டரி என்பவர் சான்றளிப்பதற்காக அரசு நியமிக்கும் வக்கீல். 1952-ஆம் ஆண்டின் நோட்டரி சட்டம் அவருக்குத் தரும் வேலை என்ன? கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று சரிபார்த்துச் சான்றளிப்பது, சத்தியப்பிரமாணம் செய்துவைத்து அஃபிடவிட் வாங்குவது, அசலோடு ஒப்பிட்டு நகலுக்குச் சான்று தருவது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, பிராமிசரி நோட்டுக்கு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதித் தந்த சீட்டுக்கு) பணம் வரவில்லை என்பதைக் குறித்துவைப்பது. பத்திரத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்றோ, விற்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறது என்றோ நோட்டரி சொல்வதில்லை.

அதனால் ஆகப் பெரிய தவறு, நோட்டரி போட்ட தாளை நம்பி நிலமோ வீடோ வாங்குவது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். “பவர் எழுதித் தருகிறேன், கூடவே ஒரு அக்ரிமென்ட், நோட்டரி போட்டுக்கலாம், பதிவுச் செலவு மிச்சம்” என்று புரோக்கர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படிப்பட்ட பவர் வழி விற்பனையால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி கூடுதல்: 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தையும், அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தையும்கூடப் பதிவு செய்தாக வேண்டும். அட்வான்ஸாகப் பல லட்சம் கொடுத்துவிட்டு நோட்டரி சீலோடு நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பதிவுக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கப் போய், வாழ்நாள் சேமிப்பைக் கேஸ் கட்டாக மாற்றிக்கொள்கிறார்கள்.

பவர் பத்திரத்தில் பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. உங்களுக்காக வேறொருவர் சார்பதிவாளரிடம் பத்திரத்தைத் தாக்கல் செய்யப் போகிறார் என்றால், பவர் கொடுப்பவர் இந்தியாவில் இருக்கும்வரை அதைப் பதிவு அதிகாரி முன்னிலையில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டரி முன் எழுதியது அங்கே எடுபடாது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் அப்பாவுக்குப் பவர் தருகிறார் என்றால் கதை வேறு. அந்த ஊர் நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்திடலாம். தூதரகத்தில் போட்டுவிட்டால் பின்னால் கேள்வி குறைவு. அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே உரிய முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் பீரோவில் வைத்து இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

கல்யாணமும் இப்படித்தான். மாலை மாற்றிக்கொண்டு நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதினால் திருமணம் ஆகிவிடாது. கணவனும் மனைவியும் சேர்ந்து ‘பிரிகிறோம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் விவாகரத்து ஆகாது. திருமண, விவாகரத்துப் பத்திரங்களை எழுதித்தர நோட்டரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் மறுபடியும் எச்சரித்திருக்கிறது. அந்த ஒரு தாளை நம்பி மறுமணம் செய்துகொண்ட பெண் பிறகு படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. திருமணத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளரிடம் போங்கள், பிரிவதற்குக் குடும்ப நீதிமன்றம் போங்கள்.

உயிலைப் பற்றிச் சுருக்கமாக: நோட்டரி சீல் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கட்டாயம். சீல் இருக்கிறதே என்று சாட்சிகளை விட்டுவிட்டால் உயில் நிற்காது.

சரி, நோட்டரி உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்கு வருவோம். நேரில் போகாமல் கையெழுத்திட்ட தாளை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவது அடிக்கடி நடக்கிறது. உங்களைப் பார்க்காமலே உங்கள் கையெழுத்துக்கு ஒருவர் சான்றளித்தால், நாளைக்கு யாரோ போட்ட பொய்க் கையெழுத்துக்கும் அதே சீல் விழும். அடையாள அட்டையின் அசலோடு நேரில் போங்கள், அவர் கண்முன் கையெழுத்திடுங்கள். வெற்றிடம் விட்ட பத்திரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. அஃபிடவிட்டை வாசிக்காமல் “டைப் பண்ணது சரியாத்தான் இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். அதிலிருப்பது பொய் என்றால் குற்றம் உங்கள் தலையில்தான் விழும், டைப் அடித்தவர் தலையில் இல்லை.

சீலையும் பாருங்கள். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையில் நோட்டரியின் பெயர், அவர் பணிசெய்யும் பகுதி, பதிவு எண், நியமித்த அரசு எது என்பதெல்லாம் இருக்க வேண்டும். பெயரும் ‘வழக்கறிஞர்’ என்ற சொல்லும் மட்டும் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் நோட்டரி சீல் ஆகாது. கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. ரசீது கேட்பதற்குத் தயங்காதீர்கள். அவருடைய பதிவேட்டில் உங்கள் பத்திரத்துக்கு விழுந்த வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டரி ஆக நினைக்கும் வக்கீல்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார் கவுன்சிலில் பதிவு செய்ததும் இந்த அதிகாரம் வந்துவிடாது. 1956-ஆம் ஆண்டு விதிகளின்படி 10 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு போதும். மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். சான்றிதழ் 5 ஆண்டுக்குத்தான். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டு, காலாவதியான பிறகும் சீல் குத்திக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல, அதை நம்பி வந்தவர்களும்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில், போன வருடம் செய்த பணிகளின் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதாதவர்களால் இந்தக் கணக்கை நேர்மையாகத் தர முடியாது.

ஆள் வராமலே சான்றளித்தார், அதிகாரம் இல்லாத பத்திரத்துக்குச் சீல் போட்டார் என்றால், அவரை நியமித்த அரசிடம் எழுத்தில் புகார் தரலாம். இதற்கென்று விதிகளில் தனிப் படிவம் உண்டு. முறைகேடு நிரூபணமானால் நோட்டரிப் பட்டியலிலிருந்தே பெயரை நீக்கிவிடவும் முடியும். பத்திரத்தின் நகல், ரசீது, பதிவேட்டு எண் இந்த மூன்றையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.