தினமும் ஓட்ட, பல வருஷம் வச்சுக்க ஒரு செகண்ட் ஹேண்ட் லக்சரி ஸ்போர்ட்ஸ் கார்: படிப்படியா எப்படி தேர்ந்தெடுக்கறது

போர்ஷே 911, ஆடி ஆர்8, ஆஸ்டன் மார்ட்டின், மஸராட்டி இந்த மாதிரி கார் எல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் வெளிய எடுக்கறதுக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி ஒண்ணும் இல்ல, இதுல பல கார தினமும் வேலைக்கு ஓட்டிட்டுப் போகலாம், பத்து வருஷம் வச்சுக்கவும் செய்யலாம். ஆனா ஒரே பேட்ஜ், ஒரே ஷேப், ரெண்டு வருஷம் முன்ன பின்ன வந்த ரெண்டு கார்ல ஒண்ணு உங்கள நிம்மதியா வச்சிருக்கும், இன்னொண்ணு வருஷம் பூரா ஒர்க்‌ஷாப்லயே நிக்கும். அந்த வித்தியாசம் மாடல் பேர்ல தெரியாது. எந்த இஞ்சின், எந்த கியர்பாக்ஸ், இதுவரைக்கும் எப்படி ஓடுச்சு, இனிமே எந்த ரோட்ல ஓடப் போகுது, இந்த நாலுல தான் இருக்கு. முதல் தடவை வாங்கறவங்களுக்காக வரிசையா சொல்றேன்.

படி 1: காருக்கு முன்னாடி உங்க ரோட்டப் பாருங்க

தினமும் எவ்ளோ தூரம், அதுல எவ்ளோ நேரம் நின்னு நின்னு நகர்றீங்க, பார்க்கிங்ல ராம்ப் எவ்ளோ செங்குத்தா இருக்கு, வழில பள்ளம் மேடு எப்படி, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க. இது ஏன் முக்கியம்னா, கூலன்ட் சீக்கிரம் சூடாயிடும், டாஷ்போர்டு முள்ளும் நடுவுக்கு வந்துடும், ஆனா உள்ள இருக்குற ஆயில் வேலை செய்யற சூட்டுக்கு வர அதவிட ரொம்ப நேரம் ஆகும். உங்க பயணமே பத்து நிமிஷம்னா ஆயில் ஒரு நாளும் முழுசா சூடாகாது, எரியாத பெட்ரோலும் ஈரமும் அதுலயே தங்கிடும், மெல்ல மெல்ல ஆயில் அதோட பிசுபிசுப்ப இழந்துடும். இவ்ளோ சின்ன தூரத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேணும்னா வாங்குங்க, ஆனா கம்பெனி சொன்ன இடைவெளில பாதியிலயே ஆயில் மாத்தறதுன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க. அரை மணிக்கு மேல ஓடற பயணம்னா இந்த மாதிரி காருக்கு அது நல்லதே.

ராம்ப் செங்குத்தா இருந்தா முன்பக்கத்த தூக்கற லிஃப்ட் ஆப்ஷன் இருக்குற காரா தேடுங்க. இத பின்னாடி போடறது சுலபம் இல்ல, அதனால தேடும்போதே வடிகட்டிடணும்.

படி 2: கியர்பாக்ஸ முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லாரும் இஞ்சின் சத்தத்துல ஆரம்பிப்பாங்க. தினமும் ட்ராஃபிக்ல ஓட்டறவங்க கியர்பாக்ஸ்ல ஆரம்பிக்கணும், ஏன்னா உங்க கை கால் வலிக்கறதும் பர்ஸ் காலியாகறதும் அங்க தான். 2000-களோட ஸ்போர்ட்ஸ் கார் பலதுல கிளட்ச் பெடல் இல்லாத ஆனா உள்ள சாதாரண மேனுவலே இருக்குற சிங்கிள் கிளட்ச் ஆட்டோமேட்டட் பாக்ஸ் வந்துச்சு. முதல் தலைமுறை ஆடி ஆர்8-ல ஆர் ட்ரானிக், ஆஸ்டன் வி8 வான்டேஜ்ல ஸ்போர்ட்ஷிஃப்ட், பிஎம்டபிள்யூ இ46 எம்3-ல எஸ்எம்ஜி, எல்லாம் இந்த ஜாதி தான். ஓபன் ரோட்ல நல்லா இருக்கும், ஊர்ந்து போற ட்ராஃபிக்ல கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு கியர் மாறும்போதும் தலை முன்னாடி ஆடும். கம்யூட்டுக்கு நான் இத சிபாரிசு பண்ணவே மாட்டேன், விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் சரி.

இதுக்கு பதிலா டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்ச் தேயாம ஆயில் வழியா சக்திய கடத்தற பாக்ஸ் இருக்குற கார் தினசரி வேலைக்கு ரொம்ப பொருத்தம். லெக்சஸ் எல்சி 500-ல 10 ஸ்பீட், ஜாகுவார் எஃப்-டைப்ல இசட்எஃப் 8 ஸ்பீட், ஆஸ்டன் டிபி9-ல டச்ட்ரானிக்னு வர்ற 6 ஸ்பீட், இதெல்லாம் அந்த வகை. ரெண்டு கிளட்ச் மாத்தி மாத்தி வேலை செய்யற நல்ல ட்யூயல் கிளட்ச்சும் ஓகே தான். போர்ஷே 911-ல 997.2-ல (997 தலைமுறையோட ரெண்டாவது பாதி, முதல் பாதி 997.1) இருந்து, அதாவது 2008 கடைசில இருந்து பிடிகேங்கற ட்யூயல் கிளட்ச் வந்துச்சு, ஆர்8-ல 2012 ஃபேஸ்லிஃப்ட்ல ஆர் ட்ரானிக்க தூக்கிட்டு எஸ் ட்ரானிக் போட்டாங்க. ஒரே ஆர்8 தான், ஆனா ட்ராஃபிக்ல ரெண்டும் வேற வேற கார். ட்யூயல் கிளட்ச் வாங்கினா கியர்பாக்ஸ் ஆயில் சொன்ன டயத்துக்கு மாத்தின பில் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. மேனுவல் பிடிச்சவங்க மேனுவலே வாங்கலாம், கிளட்ச் எவ்ளோ கனமா இருக்குன்னு மட்டும் ட்ராஃபிக்ல ஓட்டிப் பாத்து முடிவு பண்ணுங்க.

படி 3: இஞ்சினோட வருஷத்த படிங்க

ஒவ்வொரு இஞ்சினுக்கும் தெரிஞ்ச வியாதி ஒண்ணு ரெண்டு இருக்கும். கார் லிஸ்ட் பண்ணின உடனே அந்த இஞ்சின் கோட் என்ன, அதுக்கு என்ன வியாதின்னு தேடிப் படிங்க. சிலது சொல்றேன்.

997-க்கு முந்தின 996 தலைமுறை 911, அதே காலத்து போர்ஷே பாக்ஸ்டர், இதுல வந்த எம்96 இஞ்சின்ல ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, உள்ள இருக்குற இன்டர்மீடியட் ஷாஃப்ட்ட தாங்கறது. அது உடைஞ்சா பெரும்பாலும் இஞ்சினே போயிடும். 997.2 கரேரால வந்த, சிலிண்டருக்குள்ளயே பெட்ரோல் தெளிக்கற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இஞ்சின்ல அந்த ஷாஃப்ட்டே கிடையாது, அதனால அந்த பயமும் கிடையாது. நடுவுல இருக்குற 997.1-ல, முக்கியமா 3.8 லிட்டர்ல, போர் ஸ்கோரிங் தான் பெரிய கவலை, சிலிண்டர் சுவர்ல கீறல் விழறது. குளிர்ல ஸ்டார்ட் பண்ணி உடனே முறுக்கறது, சின்ன சின்ன பயணம், இதெல்லாம் அத சீக்கிரம் வரவழைக்கும்னு இந்த இஞ்சின்கள பிரிச்சுப் பாக்கற மெக்கானிக்குங்க நிறைய பேர் சொல்றாங்க. படி 1-ல ரோட்ட எழுதச் சொன்னது இதுக்கும் தான்.

பிஎம்டபிள்யூ இ92 எம்3-ல இருக்குற 4 லிட்டர் வி8, அந்த எஸ்65 இஞ்சின், 8,400 ஆர்பிஎம் வரைக்கும் போகும், கேட்டா விடவே மனசு வராது. ஆனா பிஸ்டன கிராங்க் ஷாஃப்ட்டோட இணைக்கற கனெக்டிங் ராட்டோட பேரிங் தேயறது அதோட தெரிஞ்ச பிரச்சினை, நிறைய ஓனருங்க உடையறதுக்கு முன்னாடியே மாத்திடறாங்க. மாத்தின பில் இருக்குற எம்3-க்கு கொஞ்சம் கூட குடுத்தாலும் தகும். எஃப்-டைப்ல பிளாஸ்டிக் கூலன்ட் பைப் வருஷம் ஆக ஆக விரிசல் விடும், சின்ன லீக்க கவனிக்காம ஓட்டினா இஞ்சின் ஓவர்ஹீட் ஆயிடும். மெர்சிடஸ் எஸ்எல் ஆர்230-ல ஏபிசி ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இருந்தா அதுக்குன்னு தனியா ஒரு பட்ஜெட் வேணும்.

நீண்ட நாள் வச்சுக்கணும், தொல்லை வேண்டாம்னு கேட்டா என் முதல் சாய்ஸ் எல்சி 500. 2017-ல வந்துச்சு, 5 லிட்டர் வி8, டர்போ இல்ல, வால்வுக்கு முன்னாடி பெட்ரோல் தெளிக்கற போர்ட் இன்ஜெக்‌ஷன், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் ரெண்டும் சேர்ந்து இருக்கறதால வால்வுல கார்பன் படியறதும் கம்மி. ரெண்டாவது சாய்ஸ் பிடிகே போட்ட 997.2 இல்லனா அதுக்கு அடுத்த தலைமுறை 991, உள்ள உக்காந்தா வெளிய நல்லா தெரியும், பின்னாடி பை வைக்க ரெண்டு குட்டி சீட்டும் இருக்கு.

படி 4: கணக்கு

கார் விலை பாதிக்கு பாதி இறங்கியிருக்கலாம், அதோட ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கியிருக்காது. புதுசுல பெரிய விலை வித்த காருக்கு இன்னிக்கும் அதே லெவல் பிரேக், அதே லெவல் ஷாக் அப்சார்பர் தான். கைல இருக்குற காசு எல்லாத்தையும் காருக்கே போட்டுடாதீங்க, வாங்கற விலைல பத்துல ஒரு பங்காவது முதல் வருஷத்துக்குன்னு தனியா வைங்க, பழைய காருனா இன்னும் கூட. இன்சூரன்ஸ் எவ்ளோன்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

கார்பன் செராமிக் பிரேக் இருக்குற கார பாத்தா, போர்ஷேல பெரும்பாலும் மஞ்ச கேலிப்பர் இருக்கும், ஒரு நிமிஷம் நில்லுங்க. சாதாரண ரோட்ல அது ரொம்ப நாள் வரும், வீல்ல கருப்புத் தூசியும் படியாது. ஆனா டிஸ்க் ஓரம் உடைஞ்சிருந்தாலோ ட்ராக்ல ஓட்டி எரிஞ்சிருந்தாலோ மாத்தற செலவு பயங்கரமா இருக்கும். கம்யூட்டுக்கு சாதாரண இரும்பு டிஸ்க்கே போதும்.

படி 5: பேப்பர், அப்புறம் "கம்மி கிலோமீட்டர்"

சர்வீஸ் புக்ல சீல் இருந்தா மட்டும் போதாது, பில் வேணும். என்ன ஆயில் ஊத்தினாங்க, என்ன பார்ட் மாத்தினாங்கன்னு பில்லுல தான் இருக்கும். பில்ல எல்லாம் தேதி வாரியா அடுக்கிப் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ஓடோமீட்டர் ரீடிங் இருக்கும், அது சீரா ஏறுதான்னு ஒரு தடவை படிச்சாலே கார் எப்போ ஓடுச்சு, எப்போ சும்மா நின்னுச்சுன்னு கதை புரிஞ்சிடும். விஐஎன் நம்பர் (காரோட அடையாள நம்பர்) வச்சு ரீகால், அதாவது குறைய சரி பண்ண கம்பெனியே கூப்பிட்டது, ஏதாவது பாக்கி இருக்கான்னும் பாத்துடுங்க.

பத்து வருஷத்துல ரொம்ப கம்மியா ஓடின காருக்கு எல்லாரும் ஆசைப்படுவாங்க. தினமும் ஓட்டப் போறவங்களுக்கு அது நல்ல டீல் இல்லன்னு நான் உறுதியா சொல்வேன். நின்னே இருக்குற கார்ல ரப்பர் சீல் காஞ்சு போகும், டயர் கெட்டியாகும், பிரேக் ஆயில் ஈரத்த இழுத்துக்கும், பேட்டரி சாகும், நீங்க ஓட்ட ஆரம்பிச்ச முதல் வருஷத்துல ஒண்ணொண்ணா லீக் ஆரம்பிக்கும். விலையும் கூட, செலவும் கூட. ஒழுங்கா ஓடி ஒழுங்கா சர்வீஸ் ஆன கார் தான் உங்களுக்கு.

படி 6: குளிர்ந்த இஞ்சின்

பாக்கப் போறதுக்கு முன்னாடியே "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் இஞ்சின் மூடி மேல கை வைங்க (911-ல அது பின்னாடி இருக்கும்), சைலன்சர் பைப் பக்கத்துலயும் கைய கொண்டு போய் பாருங்க, சூடு இருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லுங்க. சூடான இஞ்சின் நிறைய விஷயத்த மறைச்சிடும்.

இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் வேண்டாம். இஞ்சின் லைட், ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் எல்லாம் எரியணும். ஏதாவது ஒண்ணு எரியவே இல்லன்னா அத யாரோ மறைச்சிருக்கலாம், ஏன்னு விசாரிங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க பின்னாடி நில்லுங்க. முதல் ரெண்டு மூணு செகண்ட் கொஞ்சம் டிக் டிக்னு வந்து அடங்கினா பரவால்ல. அடங்காம ஒரு பக்கம் மட்டும் தட்டிக்கிட்டே இருந்தா கவனிங்க. 911, பாக்ஸ்டர் மாதிரி படுத்த சிலிண்டர் இஞ்சின்ல ரொம்ப நேரம் நின்ன அப்புறம் ஒரு கொத்து புகை வந்து போறது சகஜம், நீலமா விடாம வந்தா ஆயில் எரியுது, வெள்ளையா இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் உள்ள போகுது. கடைசில வெள்ளத் துணியால ரெண்டு பக்க சைலன்சர் பைப்பையும் உள்ள துடைங்க. 997.1 மாதிரி கார்ல ஒரு பக்கம் மட்டும் கன்னங்கரேல்னு மசி இருந்தா அந்தப் பக்க சிலிண்டர கேமரா விட்டு பாக்காம வாங்காதீங்க, அதையும் அடில ஆயில் சம்ப் பக்கத்துல இருந்து பாக்கச் சொல்லுங்க, மேல இருந்து பாத்தா கீறல் கண்ணுக்குப் படாம போகலாம்.

படி 7: ஸ்கேனர், லிஃப்ட், மெக்கானிக்

அந்த பிராண்ட் தெரிஞ்ச, விக்கறவருக்கு சம்பந்தமே இல்லாத மெக்கானிக்கிட்ட காசு குடுத்து செக் பண்ணுங்க. விக்கறவர் அதுக்கு ஒத்துக்கலன்னா அங்கயே முடிஞ்சுது, கிளம்பிடுங்க.

சாதாரண ஓபிடி ஸ்கேனர்லயே (காரோட கம்ப்யூட்டர்ல பதிவான எரர படிக்கற கருவி) ஒரு நல்ல விஷயம் தெரியும். எரர் எதுவும் இல்லன்னு காட்டினா உடனே சந்தோஷப்படாதீங்க, ரெடினெஸ் மானிட்டர், அதாவது கார் தன்னத் தானே செஞ்சுக்கற சோதனை, எல்லாம் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. பாதி முடியாம இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரோ எரர அழிச்சிருக்காங்க, இல்லனா பேட்டரி கழட்டியிருக்காங்க. எரர் அழிச்ச அப்புறம் எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குன்னும் பல கார்ல காட்டும்.

போர்ஷேன்னா கம்பெனி கம்ப்யூட்டர்ல ஓவர்-ரெவ் ரிப்போர்ட் (இஞ்சின் எவ்ளோ தூரம் அளவுக்கு மீறி சுத்துச்சுன்னு காட்டறது) எடுக்கச் சொல்லுங்க. 997.2-ல அது 6 நிலையா பிரிச்சு வரும். கீழ் நிலைல நம்பர் இருந்தா இஞ்சின அதோட ஆர்பிஎம்ம கட்டுப்படுத்தற லிமிட்டர் வரைக்கும் ஓட்டியிருக்காங்க, அவ்ளோ தான். மேல் நிலைல இருந்தா மேனுவல் கார்ல தப்பான கியருக்கு இறக்கி இஞ்சின அளவுக்கு மீறி சுத்த விட்டிருக்காங்க. எந்த மணி நேரத்துல அது நடந்துச்சுன்னும் அதுலயே இருக்கும், பக்கத்துலயே மொத்த இஞ்சின் மணி நேரமும். கிலோமீட்டர அந்த மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. 60,000 கிலோமீட்டர், 1,500 மணி நேரம்னா சராசரி 40, சரியா இருக்கு. அதே 60,000-க்கு 4,000 மணி நேரம்னா சராசரி 15 தான் வருது, ஒண்ணு கார் முழுக்க ட்ராஃபிக்லயே கிடந்திருக்கு, இல்லனா மீட்டர குறைச்சிருக்காங்க.

பெயின்ட் அளக்கற கருவியும் கொண்டு போங்க. கம்பெனி பெயின்ட் பொதுவா 100-ல இருந்து 150 மைக்ரான் கிட்ட இருக்கும். ஆர்8, எஃப்-டைப் ரெண்டுமே அலுமினிய பாடி, அதனால அலுமினியத்துலயும் அளக்கற கருவியா இருக்கணும், காந்தம் வச்சுப் பாக்கறது இங்க வேலைக்கு ஆகாது. அலுமினிய பாடில அடி பட்டிருந்தா அத சரியா செய்யத் தெரிஞ்ச இடம் கம்மி.

டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. நாலு டயரும் ஒரே பிராண்டா, உள் ஓரம் மட்டும் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க.

படி 8: ஓட்டிப் பாக்கறது

காலியான ரோட்ல ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்து முடிவு பண்ணாதீங்க. உங்க ஆபீஸ் டயத்துக்கு, உங்க ரோடு மாதிரி ரோட்ல, முழுசா சூடாகற வரைக்கும் ஓட்டுங்க. நிக்கற இடத்துல பிரேக்க விட்டா ட்யூயல் கிளட்ச் கார் மெல்ல வழுக்கிட்டுப் போகணும், துள்ளக் கூடாது. ஸ்டியரிங்க முழுசா திருப்பி ரிவர்ஸ் எடுங்க, ராம்ப்ல ஏறுங்க, ஏசி போட்டு பத்து நிமிஷம் ட்ராஃபிக்ல நில்லுங்க, டெம்பரேச்சர் முள் ஏறுதான்னு பாருங்க. இறங்கி ஏறி இறங்கி ஏறி பாருங்க, தினமும் செய்யப் போறது அது தானே, முதுகு ஒத்துக்கலன்னா எந்த இஞ்சினும் அத சரி பண்ணாது.

படி 9: வாங்கின முதல் வாரம்

பழைய ஓனர் எப்போ மாத்தினேன்னு சொன்னாலும் இஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூணையும் மாத்துங்க, கியர்பாக்ஸ் ஆயிலுக்கு பில் இல்லன்னா அதையும். தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு நோட்டு ஆரம்பிங்க. ஆயில் டெம்பரேச்சர் காட்டற கார்னா 80 டிகிரி தாண்டற வரைக்கும் இஞ்சின பாதி ஆர்பிஎம்முக்கு மேல விடாதீங்க. மாசம் ஒரு தடவை சமதளத்துல நிறுத்தி ஆயில் லெவல் பாத்து அந்த நோட்டுலயே எழுதுங்க, ஆயில் குடிக்கறது கூடிக்கிட்டே போனா மூணு நாலு மாசத்துல அந்த நம்பர்லயே தெரிஞ்சிடும், வாரன்டி இருந்தா அதுக்குள்ள காட்டிடலாம்.