புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன்: கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பள்ளத்தூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, பேட்டரி மாத்தி மூணு மாசம்தான் ஆகுது, இன்னிக்குக் காலைல செல்ஃப் எடுக்கலை. கடையில வேற பிராண்டு போட்டுப் பாருங்கங்கறாங்க" என்றான். நான் வரும்வரை எதையும் வாங்காதே என்று சொல்லிவிட்டு, வோல்ட்டும் கரண்டும் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து கிளம்பினேன். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் 2017இல் நான் சொன்னதுதான்.

ஹெட்லைட்டை அணைக்க மறப்பது, கதவைச் சரியாகச் சாத்தாமல் போவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டரி இறங்கினால் பேட்டரிதான் குற்றவாளி என்று முடிவு கட்டுவது

இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும். அப்போது ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். தினமும் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஒரு கல்யாணத்துக்காகப் பல்லவன் ரயிலில் சென்னை போய் ஐந்து நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரிக்கு நாலு வயது, சரி, காலம் முடிந்துவிட்டது என்று புதிதாக 35 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுள்ள பேட்டரி போட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடி ஊருக்குப் போய் வந்தேன், மறுபடி அதே கதை. கடையில் சார்ஜ் போட்டுக் கொடுத்துவிட்டு, "உங்க வண்டிக்கு இது பத்தலை, பெருசா போடுங்க" என்றார்கள். நானும் நம்பி 44 வாங்கினேன். அதுவும் ஐந்தாறு நாள் நிறுத்தினால் படுத்துவிட்டது.

கடைசியில் தேவகோட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தார். வண்டி அணைந்து, பூட்டி, சாவி என் பையில் இருக்கும்போதே 350 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். பாட்டு செட்டின் ஃப்யூஸை எடுத்ததும் மீட்டர் 20க்கு இறங்கியது. முந்தைய உரிமையாளர் டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருந்தார். சாவி போட்டால் மட்டும் அதற்குப் போக வேண்டிய சிக்னல் ஒயரை, எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயரில் யாரோ முறுக்கி விட்டிருக்கிறார்கள். அதை இடம் மாற்ற அவருக்கு அரை மணி நேரம் ஆனது.

கணக்கைப் பாருங்கள். 0.35 ஆம்பியர், 24 மணி நேரம், ஒரு நாளைக்கு 8.4 ஆம்பியர் ஹவர். 35 பேட்டரி நாலு நாளில் காலி, 44 ஐந்து நாளில் காலி. அவ்வளவு பணம் கொடுத்துப் பெரிய பேட்டரி வாங்கியதில் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரே ஒரு நாள்! அதைவிடக் கொடுமை, கார் பேட்டரி அடிவரை இறங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. இறங்கிக் கிடக்கிற நாட்களில் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அதன்பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய திறன் வராது. நல்ல நிலையில் இருந்த இரண்டு பேட்டரிகளை நானே கெடுத்தேன்.

மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் வீட்டிலேயே மூன்று விஷயங்களைப் பார்த்துவிடலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போடுங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், 13.8இலிருந்து 14.7க்குள் இருந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுப் பார்ப்பது நல்லது. மூன்றாவது, அந்தப் பெரியவர் செய்த சோதனை. மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கதவுகளைப் பூட்டி, காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப்போக அரை மணி நேரமாவது விட்ட பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

பள்ளத்தூர் வண்டியில் கரண்ட் கசிவு எதுவும் இல்லை. ஆனால் எஞ்சின் ஓடும்போது 12.9 வோல்ட், ஏசி போட்டால் 12.3. கொஞ்ச நாளாகவே ஏசி போட்டால் கீச்சென்று சத்தம் வருகிறது என்று அப்போதுதான் சொன்னான். ஆல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட் தேய்ந்துபோய் வழுக்கியிருக்கிறது. பெல்ட் மாற்றி, அதே பேட்டரிக்குச் சார்ஜ் போட்டோம், இப்போது ஓடுகிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது, பேட்டரி ஆராய்ச்சி அங்கே பெரிய வேலை. அப்படிப்பட்ட ஊரைச் சுற்றி இருக்கிறவர்களே அளந்து பார்க்காமல் பேட்டரி வாங்குகிறார்களே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பூட்டிய வீட்டுக் காரை வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது

நம் பக்கத்தில் இது நிறைய. பிள்ளைகள் சிங்கப்பூரில், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஸ்டார்ட் எடுத்ததையும் வாரம் முழுக்கக் கசிந்ததையும் ஐந்து நிமிட ஐடிலிங் ஈடுகட்டாது, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். ஓட்டத் தெரிந்தவர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை போய்வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மைனஸ் கிளாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். டிக்கியில் பேட்டரி இருக்கும் காரில், கரண்ட் இல்லாமல் டிக்கியைத் திறக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்மினலைப் பார்க்காமல் விடுவது

கிளாம்ப் மாட்டும் பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் நல்ல பேட்டரியும் செல்ஃப் எடுக்காது. கிளாம்பைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கலந்து பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, இறுக்கி மாட்டி மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

அவசரத்தில் ஜம்ப் கேபிள்

ஒரு கல்யாண வீட்டு வாசலில் நாலு பேர் சுற்றி நின்று அவசரப்படுத்த, வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்ட ஒரு தம்பி பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். ஆல்டர்நேட்டரின் டயோடு போய்விட்டது. சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை இறங்கிய வண்டியின் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளிக் கொடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், கடைசிப் பொறி அதன் அருகில் விழக்கூடாது.

குழாய்த் தண்ணீர் ஊற்றுவது

டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

எஞ்சின் ஓடும்போது கிளாம்பைக் கழற்றி ஆல்டர்நேட்டரைச் சோதிப்பது

பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரை எரித்துவிடும்.

ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் போடுவது

10 இருந்த இடத்தில் 20 போட்டால், அடுத்து எரிவது ஒயர்.

எலி

பத்து நாள் நகராமல் நின்ற வண்டியா? ஸ்டார்ட் செய்யும் முன் போனட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள்.