தனி ஆளாக மேடை ஏறுகிறவருக்கு: மிக்சரைத் தானாக இயங்க வைப்பது எப்படி?

இரண்டு கையும் கிதாரில், வாய் மைக்கில். சரணம் முடியும் இடத்தில் குரலுக்கு டிலே (எதிரொலி) வேண்டும், இடையிசையில் பின்னணி டிராக் (முன்பே பதிந்த இசை) சற்று ஏற வேண்டும், அடுத்த பாட்டுக்கு ரிவெர்பே (அறை முழக்கம்) மாற வேண்டும். ஃபேடரைத் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) தொட மூன்றாவது கை இல்லை. அந்தக் கையை லேப்டாப்பிலிருந்து மிடி (இசைக் கருவிகள் கட்டளைகளைப் பரிமாறும் முறை) வழியாகக் கொடுக்கலாம்.

இங்கே பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்சரையும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளையும் வைத்து விளக்குகிறோம். வேறு டிஜிட்டல் மிக்சர் என்றால் எண்கள் மாறும், வழிமுறை மாறாது. அந்த எண்களை அதன் கையேட்டில் மிடி அட்டவணையில் பாருங்கள். சாதாரண அனலாக் மிக்சரில் இது நடக்காது. அதன் ஃபேடருக்கு மிடி புரியாது.

படி 1: எதைத் தொடக்கூடாது

முதலில் இதை முடிவு செய்யுங்கள். மைக் கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு), குரல் ஃபேடர், மெயின் (அரங்க ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு) ஃபேடர் மூன்றும் தானியக்கத்துக்கு வெளியே இருக்கட்டும். அரங்கம் மாறினால் இவையும் மாறும். வீட்டில் பதிந்த கெயின் மேடையில் திரும்பி வந்தால் ஸ்பீக்கர் ஊளையிடும். பாட்டு ஒன்றுக்கு நான்கைந்து அசைவுகள் போதும். அதற்கு மேல் போனால் எது எங்கே தவறியது என்று மேடையில் கண்டுபிடிக்க முடியாது.

படி 2: சேனல் ஒதுக்கீடு

லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் ஒலியும் மிடியும் சேர்ந்தே போகும். தனி மிடி கேபிள் தேவையில்லை. சேனல்களை இப்படி வையுங்கள்:

சேனல் 1: காலி
சேனல் 2: கிதார்
சேனல் 3: குரல்
சேனல் 14: கிளிக் (தாளம் காட்டும் டிக் ஒலி)
சேனல் 15, 16: பின்னணி டிராக், ஸ்டீரியோ இணைப்பில்

கிதாரை டிஐ பெட்டி (கிதார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இல்லாமல் நேரடியாகச் செருக 1, 2 ஆகிய உள்ளீடுகள்தான் பொருத்தம். அதனால்தான் அது 2-ல் இருக்கிறது. 1 ஏன் காலி என்பது படி 5-ல் புரியும். 14 முதல் 16 வரை உள்ள சேனல்களின் மூலத்தை யூஎஸ்பிக்கு மாற்றுங்கள். கிளிக் சேனலில் மெயின் ஒதுக்கீட்டை அணைத்துவிட்டு, ஆக்ஸ் 1-க்கு (மெயினிலிருந்து பிரிந்த தனி வெளியீடு) மட்டும் அனுப்புங்கள். அங்கிருந்து ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் வழியாக உங்கள் காதுக்கு வரட்டும்.

படி 3: மிடி இணைப்பு

ரீப்பரின் பிரிஃபரன்சஸில் மிடி பகுதிக்குப் போய், மிக்சரின் வெளியீட்டை இயக்குங்கள். புதிய டிராக் ஒன்றைத் திறந்து, அதன் ரூட் பொத்தானில் மிடி ஹார்டுவேர் வெளியீடாக மிக்சரைத் தேர்ந்தெடுங்கள். மிக்சரின் மிடி அமைப்பில் பெறுவதை மட்டும் இயக்குங்கள், அனுப்புவதை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் ஃபேடர் நகர்ந்த செய்தி லேப்டாப்புக்குப் போய், அங்கிருந்து மறுபடி மிக்சருக்கே திரும்பும். ஃபேடர் நடுங்கினால் முதலில் இந்தச் சுற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 4: எண்கள்

மிடி சேனல் என்பது கட்டளை போகும் தடம், மிக்சர் சேனல் வேறு. மிடி சேனல் 1-ல் வரும் சிசி (கன்ட்ரோல் சேஞ்ச், ஓர் அளவை மாற்றும் கட்டளை) எண்கள் ஃபேடருக்கு, 2-ல் வருபவை மியூட்டுக்கு, 3-ல் வருபவை பேனுக்கு (இடது-வலது நிலை). மிக்சர் சேனல் 1-க்கு சிசி 0, சேனல் 2-க்கு சிசி 1 என்று ஒன்று குறைத்து எண்ண வேண்டும். எனவே பின்னணி டிராக் (சேனல் 15) சிசி 14. எஃபெக்ட் 1-க்குப் போகும் சென்ட் (எஃபெக்டுக்கு ஒலியை அனுப்பும் வழி) சிசி 27. மெயின் சிசி 31.

மதிப்பு 0 முதல் 127 வரை. 127 என்பது +10 டெசிபல். 95 வைத்தால் ஏறத்தாழ 0 டெசிபல், 64 என்றால் -10, 32 என்றால் -30. மேல் பாதியில் ஒரு படிக்கு 0.3 டெசிபல்தான் மாறும், காதுக்குத் தெரியாது. அடியில் 8-க்குக் கீழே ஒரு படிக்கு 4 டெசிபல் அளவுக்கு விழும், படிக்கட்டில் இறங்குவதுபோலக் கேட்கும். ஆகவே பாட்டின் கடைசி ஃபேட்-அவுட்டை மிக்சரில் செய்யாதீர்கள். ரீப்பரில் ஆடியோ டிராக்கிலேயே செய்துவிடுங்கள்.

படி 5: பாட்டுக்கு ஒரு ஸ்னாப்ஷாட்

ஒவ்வொரு பாட்டுக்கும் ஈக்யூ, எஃபெக்ட் வகை, ஆக்ஸ் அளவு எல்லாம் அமைத்து ஒரு ஸ்னாப்ஷாட்டாக (மிக்சர் அமைப்பின் பதிவு) சேமியுங்கள். ஸ்கோப்பில் (ஸ்னாப்ஷாட் எவற்றை மாற்றலாம் என்ற பட்டியல்) கெயின், ஃபேன்டம் பவர் (மைக்குக்குப் போகும் மின்சாரம்), குரல் ஃபேடர், மெயின் ஃபேடர் ஆகியவற்றை விலக்குங்கள். மிடி சேனல் 1-ல் புரோகிராம் சேஞ்ச் (எண்ணைச் சொல்லி அமைப்பை அழைக்கும் மிடி கட்டளை) அனுப்பினால் ஸ்னாப்ஷாட் வரும். 5 கேட்டு 6 வந்தால், மென்பொருள் 0-லிருந்து எண்ணுகிறது என்று அர்த்தம்.

பலரும் மாட்டிக்கொள்ளும் பொறி இங்கேதான் இருக்கிறது. ரீப்பரின் மிடி எடிட்டரில் ‘பேங்க்/புரோகிராம் செலக்ட்’ என்றொரு வரிசை உண்டு, ‘புரோகிராம்’ என்று தனியாக இன்னொன்றும் உண்டு. முதலாவது பேங்க் எண்ணையும் (தொகுதி எண்) சேர்த்து அனுப்பும். பேங்க் எண் சிசி 0-ல் போகிறது, இந்த மிக்சருக்கோ சிசி 0 என்றால் சேனல் 1-ன் ஃபேடர். குரல் அங்கே இருந்தால் பாட்டு தொடங்கும் நொடியில் ஃபேடர் அடியில் கிடக்கும். நீங்கள் மைக் கேபிளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். ‘புரோகிராம்’ வரிசையையே பயன்படுத்துங்கள். சேனல் 1-ஐக் காலியாக விட்டது அதையும் மீறி நடந்தால் காப்பாற்ற.

ஸ்னாப்ஷாட் மெதுவாக மாறாது, ஒரே தாவல். எஃபெக்ட் வகை மாறினால் முந்தைய பாட்டின் ரிவெர்ப் வால் அறுந்துபோகும். எனவே ஒவ்வொரு பாட்டின் முன்னாலும் 2 நொடி வெற்றிடம் வைத்து, அதன் தொடக்கத்தில் புரோகிராம் சேஞ்சைப் போடுங்கள். அரை நொடி கழித்து அந்தப் பாட்டின் தொடக்க சிசி மதிப்புகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். வரிசை மாறினால் ஸ்னாப்ஷாட் அவற்றை அழித்துவிடும். இந்தத் தொடக்க மதிப்புகள் இல்லாமல் போனால், ஒத்திகையில் நடுவில் நிறுத்திய பாட்டின் ஃபேடர் நிலை அடுத்த பாட்டுக்குத் தொற்றும்.

படி 6: பாட்டுக்குள் அசைவுகள்

சரணத்தில் பின்னணியைத் தணிக்க, சிசி 14-ஐ 95-லிருந்து 85-க்கு இரண்டு தாள வட்டத்தில் இறக்குங்கள். 3 டெசிபல் குறையும், குரல் தானாக முன்னால் வரும்.

டிலே வீசுவது கொஞ்சம் நுணுக்கமான வேலை. எஃபெக்ட் 1-ஐக் குரலின் டிலேவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். குரல் சேனலிலிருந்து சென்டை 0 டெசிபலில் திறந்து வைத்து, எஃபெக்ட் 1 சென்டை மியூட் செய்யுங்கள்: மிடி சேனல் 2, சிசி 27, மதிப்பு 127. வரியின் கடைசிச் சொல்லுக்கு அரைத் தட்டு முன்னால் 0 அனுப்பித் திறந்து, சொல் முடிந்ததும் 127 அனுப்பி மூடுங்கள். 96 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 96 தட்டு) ஒரு தட்டு 625 மில்லி நொடி, எனவே அரைத் தட்டு 312. மூட வேண்டியது சென்டை, ரிட்டர்னை (எஃபெக்டிலிருந்து ஒலி திரும்பி வரும் வழி) அல்ல. ரிட்டர்னை மூடினால் எதிரொலி பாதியில் வெட்டுப்படும். சென்டை மூடினால் ஏற்கெனவே உள்ளே போனது தானாக அடங்கும்.

படி 7: கால் பொத்தான்

யூஎஸ்பி ஃபுட்சுவிட்ச் ஒன்று போதும். அதை ஸ்பேஸ் விசையாக அமைத்தால் பாட்டைத் தொடங்கலாம், நிறுத்தலாம். அழுத்தும்போது மட்டும் இயங்கும் வகையை வாங்குங்கள். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகையில் இரண்டாவது அழுத்தம் வீணாகும்.

படி 8: மேடைக்கு முன்

லேப்டாப்பின் தூக்க நிலை, தானியங்கிப் புதுப்பிப்பு இரண்டையும் அணையுங்கள். மிக்சரைக் கண்காணிக்க டேப்லெட் வைத்திருந்தால் மிக்சரின் உள் வைஃபையை நம்பாமல் வெளி ரவுட்டரில் போடுங்கள். கூட்டம் நிறைந்த அரங்கில் உள் வைஃபை அறுந்துபோகும்.

கடைசியாக, பாட்டு ஓடும்போதே யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பின்னணி நின்றுவிடும், ஆனால் குரலும் கிதாரும் மெயினில் தொடர்ந்து கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவற்றின் ஒலியை எங்கோ லேப்டாப் வழியாகச் சுற்ற வைத்திருக்கிறீர்கள். படி 2-க்குத் திரும்பிப் போய் அந்த இரண்டு சேனல்களின் மூலத்தைச் சரிபாருங்கள்.