பெரிய லெகோ மாடலா? ஆனிக்கு முன் சோதித்துவிடுங்கள்

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் லெகோவில் (ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள்) பெரிய மாடல் கட்டுகிறவர்கள் ஆனி பிறப்பதற்குள் அதைச் சோதித்துவிடுங்கள். ஆரியங்காவு கணவாய் வழியே சாரலோடு வரும் காற்று ஜன்னலோர மாடலைச் சாய்த்துவிடும்.

கட்டை நசுங்குமோ என்ற பயம் வேண்டாம். 2012-ல் பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி சோதித்தபோது ஒரு 2×2 கட்டை (மேலே இரண்டு வரிசையில் நான்கு குமிழ் உள்ளது) சுமார் 430 கிலோ தாங்கியது! பலவீனம் மூட்டில்தான். மேலிருந்து அமுக்கினால் தாங்கும், பக்கவாட்டில் வளைத்தால் விட்டுப்போகும். அதனால் கொத்தனார் செங்கல் வைப்பதுபோல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் மாற்றி அடுக்குங்கள். அடுக்குகளுக்கு நடுவே காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் அந்த இடம் சரியாக அழுந்தவில்லை.

பிறகு டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். உச்சி ஆடினால் அடியை அகலமாக்குங்கள். பசை மட்டும் வேண்டவே வேண்டாம், பிரித்துக் கட்டுவதில்தானே சுகம்!

149 செ.மீ. உயரமுள்ள ஈபிள் கோபுர செட்டை (10,001 துண்டுகள்) நான்கு பகுதியாகக் கழற்றலாம். இடம் மாற்றும்போது கழற்றியே தூக்குங்கள். சொந்த டிசைன் என்றால் அடியில் பிளைவுட் பலகை கொடுத்து, பலகையைப் பிடித்துத் தூக்குங்கள்.